காத்திருக்காமல் சென்றவர்கள்

முட்டை சாண்ட்விச்சைக் குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்தால் ரொட்டியின் ஓரம் விறைத்துப் போகும். கீழ்த்தட்டில் வைப்பதே முறை. இருபத்தேழு ஆண்டுகள் அவசரப் பிரிவில் பணியாற்றிய எனக்கு இத்தகைய சிறு விவரங்களிலும் கவனம் உண்டு. அதனால்தான் மருத்துவமனை நடத்திய உள்விசாரணை அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தைப் படித்தபோது மனம் நொந்தேன். "பணிச்சுமையால் களைப்புற்றிருந்த செவிலியரின் கவனக்குறைவு" என்று அதில் எழுதியிருக்கிறார்கள். களைப்பு உண்மை. கவனக்குறைவு உண்மையன்று.

அந்தச் சொல்லை நீக்கச் செய்யவே, யாரும் அழைக்காமல், மரண விசாரணை அலுவலகத்தின் படியேறி வந்திருக்கிறேன். அறிக்கை இப்படியே நின்றால் அடுத்த மாதம் என் மேசைக்கு நான் திரும்பலாம். நான் சொல்லப்போவதை நீங்கள் எழுதிக்கொண்டால் எந்த மருத்துவமனை மேசைக்கும் திரும்ப இயலாது; சிறைக்கும் போக நேரலாம். இரண்டையும் எண்ணிப் பார்த்த பிறகே வந்தேன். தேநீருக்கு நன்றி.

என் பெயர் லின்னெட் ஹோப்டன். குவீன்ஸ்லாந்தின் வடகரையில், கரும்பாலையைச் சுற்றி வளர்ந்த எங்கள் ஊரில் அவசரப் பிரிவின் முகப்பு மேசை என்னுடையது. வருபவரைப் பார்த்து ஓர் எண் கொடுப்பது என் வேலை. ஒன்று என்றால் அந்தக் கணமே மருத்துவர் வர வேண்டும். இரண்டு என்றால் பத்து நிமிடத்துக்குள். ஐந்து என்றால் இரண்டு மணி நேரம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அது பொழுது சாயும் வரை நீளும். நெஞ்சுவலி என்று எவர் சொன்னாலும் இரண்டு. அது விதி.

ஊரில் சாதாரண மருத்துவரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே மக்கள் எங்களிடம் வந்தார்கள். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் காலின் பெருவிரல் நகம் கோணலாக வளர்கிறது என்று ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய பெண்மணியிடம் காரணம் கேட்டபோது அவர் சொன்ன விடை இது: "டாக்ஸி வர முக்கா மணி ஆகும்னாங்க கண்ணு. இவங்க பத்தே நிமிஷத்துல வந்துட்டாங்க, பாவம், நல்ல பசங்க." வெயிலில் முதுகு சிவந்ததற்காகக் கடற்கரையிலிருந்து வெறுங்காலுடன் வந்தவர்கள் இருந்தார்கள். திங்கட்கிழமைகளில் விடுப்புச் சீட்டுக்காக வரிசையாக வந்தார்கள். நேற்றைய மதுவின் வாடை வீச, வயிற்றுப்போக்கு என்று என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்கள். நான் ஒருவரையும் கடிந்துகொண்டதில்லை. கடிந்துகொள்வதற்கும் சிறிது வலு வேண்டும். அந்த வலு எனக்கு ஏறத்தாழ இருபதாம் ஆண்டோடு தீர்ந்துவிட்டது.

இவர்களுள் மெர்வ் ஸ்ட்ராகன் தனி இடம் பெற்றவர். ஆலைக்குக் கரும்பு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு. மனைவி ஷிர்லி இறந்த பிறகு எங்களிடம் வரத் தொடங்கினார். மூன்று ஆண்டுகளில் அறுபத்து மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் நெஞ்சுவலி. நான் பின்னால் சொல்லப்போகும் மாற்றம் வரை, ஒவ்வொரு முறையும் இரண்டாம் எண், படுக்கை, இ.சி.ஜி., இரத்தச் சோதனை. ஒவ்வொரு முறையும் அவருடைய இதயம் குறையின்றி இருந்தது. பிறகு அவர் எழுந்து உட்கார்ந்து சாண்ட்விச் கேட்பார். கடுகுச் சாந்து தடவித் தரச் சொல்வார். ரயில் முன்னால் பசு நின்ற கதையைச் சொல்வார். "என்ன சிஸ்டர், இன்னுமா உங்களை வீட்டுக்கு அனுப்பல? என்னை மாதிரி நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உட்காருங்க, உடனே படுக்கை குடுப்பாங்க" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அவர் மீது எனக்கு வெறுப்பு இருந்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கடந்த ஆண்டுக்கு முந்தைய ஆண்டு நவம்பரில் ஒரு பிற்பகல், கரும்பு விவசாயி ஒருவரின் மனைவியான ரொசானா பெலேத்தியை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். உள்ளே படுக்கைகள் அனைத்தும் நிறைந்திருந்தன. வாசலில் வண்டிக்குள்ளேயே நாற்பது நிமிடம் வைத்திருந்தோம். அங்கேயே அவர் உயிர் பிரிந்தது. கண்களை மூடிவிட்டவள் நான். அவருடைய கணவர், சேற்றுக் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சிறிதும் கோபமில்லாமல் கேட்டார்: "உள்ள யாரு சிஸ்டர் படுத்திருக்காங்க?"

நோயாளியைப் பற்றி வெளியாரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. உள்ளே சென்று பார்த்தேன். மூன்றாம் படுக்கையில் மெர்வ், மார்பில் கம்பிகளுடன், சுவர்த் தொலைக்காட்சியில் ஓடிய கிரிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடுகுச் சாந்து கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்குமா என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

மறுவாரம் வரிசையிலிருந்து ஒரு நாற்காலியை நகர்த்தினேன். காத்திருப்பறையில் குளிர்பான இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மூலை உண்டு. முகப்பு மேசையிலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது. மருத்துவர்கள் வந்து போகும் கதவிலிருந்தும் தெரியாது. அந்த நீல நிற நாற்காலியை அங்கே போட்டேன். துப்புரவாளர்கள் இரண்டு முறை அதை வரிசைக்குத் திருப்பி வைத்தார்கள். இரண்டு முறையும் நானே மீண்டும் இழுத்து வைத்தேன். முறைகேடாக வருகிறவர் என்று நான் உறுதியாக அறிந்தவர்களை அங்கே அமர்த்தி, ஐந்தாம் எண் கொடுத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. காத்திருப்பவரை மணிக்கொரு முறை சென்று பார்த்து, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு ஆகியவற்றை அளந்து பதிய வேண்டும். அளக்கச் சென்றால் பேச்சுக் கொடுக்க வேண்டும். பேச்சுக்காகத்தானே அவர்கள் வருகிறார்கள்? ஆகவே அளக்காமல் எழுதினேன். கண்டபடி எழுதவில்லை. ஒவ்வொருவரின் வயதுக்கும் உடல்வாகுக்கும் பொருந்தும் எண்களையே எழுதினேன். அடுத்தடுத்த மணிகளில் ஒரே எண் வந்தால் அது அக்கறையின்மையாகத் தோன்றும் என்பதால் சற்று ஏற்றியும் இறக்கியும் எழுதினேன். பிறகு அவர்கள் சலித்து, தாமாகவே எழுந்து வீட்டுக்குச் சென்றார்கள். அத்தகையோருக்கு எங்கள் பதிவேட்டில் ஒரு தொடர் உண்டு: காத்திருக்காமல் சென்றார்.

என்னுடன் பணிபுரிந்த டானித் என்ற மூத்த செவிலியர் ஒருநாள் தேநீர் வேளையில் கேலியாகச் சொன்னாள்: "அந்த மூலையில உட்கார்ந்தா எல்லாருக்கும் தானாவே குணமாயிடுதே லின்னெட். என் முட்டிவலிக்கு நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கவா?" அவளுக்குப் பதிவேட்டைப் பற்றித் தெரியாது. அவளை இதில் சேர்க்க வேண்டாம். ஆனால் அவள் சொன்னது சரிதான். பதினான்கு மாதங்களில் எங்கள் காத்திருப்பு நேரம் மாவட்டத்திலேயே மிகக் குறைந்தது. நிர்வாகத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, கேக் வெட்டினார்கள். படுக்கை இல்லாமல் வாசலில் ஒருவரும் மடியவில்லை.

மெர்வை மட்டும் அந்த நாற்காலியால் திருத்த முடியவில்லை. எத்தனை மணி நேரமானாலும் அவர் உட்கார்ந்திருந்தார். அருகில் வருபவரிடம் பசுவின் கதையைச் சொன்னார். மாலையில் என்னிடம் வந்து, "இன்னிக்கு உங்களுக்குப் பாவம் வேலை அதிகம், நான் அப்புறமா வர்றேன்" என்று விடைபெற்றுச் சென்றார்.

இப்போது இந்த ஆண்டு பிப்ரவரியில், அறிக்கை குறிப்பிடும் திங்கட்கிழமைக்கு வருகிறேன். முற்பகல் பத்து இருபதுக்கு அவர் வந்தார். வழக்கம்போல் ஆம்புலன்ஸில் அல்ல. பேருந்தில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்திருக்கிறார். மேசையில் கையை ஊன்றினார். கையை எடுத்தபோது மேசையில் உள்ளங்கையின் ஈரம் முழுமையாகப் பதிந்திருந்தது. முகம் நனைந்த சிமெண்ட்டின் நிறம். அந்த நிறத்தை என் பணிக்காலத்தில் பல நூறு முறை கண்டிருக்கிறேன். அது மாரடைப்பு என்று அறிய எனக்கு இ.சி.ஜி. தேவையில்லை.

எங்கே வலி என்று கேட்டேன். அரை மணி நேரம் பேசக்கூடியவர் ஒரே சொல்லில், "தாடை" என்றார். சாண்ட்விச் கொண்டுவரட்டுமா என்றேன்.

"வேணாம் கண்ணு. வாயில வைக்க முடியாது." பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "இந்தத் தடவை நான் சும்மா வரல சிஸ்டர்" என்றார்.

முந்தைய அறுபத்து மூன்று முறையும் சும்மாத்தான் வந்தேன் என்று அவரே கூறியதாக நான் அதை எடுத்துக்கொண்டேன். ஐந்தாம் எண்ணைப் பதிந்து, மூலையைக் காட்டினேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

"அங்கயா? அங்க உட்கார்ந்தா நான் உங்க கண்ணுல பட மாட்டேனே."

"கூப்பிடுவோம் மெர்வ்."

அவர் போய் உட்கார்ந்தார். வாதிடவில்லை. ரயில் ஓட்டியவர், சைகை விழும் வரை நிற்கப் பழகியவர்.

பதினொன்று இருபதுக்கு நாடி எழுபத்தெட்டு என்று எழுதினேன். விடுப்புச் சீட்டுக்கு வந்திருந்த ஓர் இளம்பெண் மேசைக்கு வந்து, பின்னாலிருக்கும் மனிதருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, பார்க்கவே நன்றாக இல்லை என்றாள். நன்றி கூறி, அவர் எங்களுக்குப் பழக்கமானவர் என்று விளக்கினேன். அவள் என்னை நம்பினாள். இருபத்தேழு ஆண்டு அனுபவம் குரலில் தெரியும் அல்லவா?

பன்னிரண்டு மணி அளவில் எனக்குத் தாகமாக இருந்தது. குளிர்பான இயந்திரத்தில் எலுமிச்சைச் சோடா எடுக்கச் சென்றேன். புட்டி விழுந்த பிறகும் சிறிது நேரம் அங்கேயே நின்றேன். இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து மூச்சு கேட்டது. பழக்கத்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன்: நிமிடத்துக்கு முப்பத்திரண்டு. பதினான்கு மாதங்களில் அந்த நாற்காலியில் இருந்த ஒருவருக்கு நான் உண்மையாக அளந்தது அது ஒன்றுதான். மேசைக்குத் திரும்பிப் பதினாறு என்று எழுதினேன்.

அன்று படுக்கைத் தட்டுப்பாடு இருந்ததாக அறிக்கை கூறுகிறது. அதையும் திருத்த வேண்டும். பதினொன்று பத்திலிருந்து மூன்றாம் படுக்கை காலியாக இருந்தது. அதன் விரிப்பை மாற்றியவள் நான். மருத்துவர் இருவர் பணியில் இருந்தார்கள். அவர்களுள் ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மெர்வை எழுப்பி அழைத்துச் செல்ல இருபது அடி நடந்தால் போதும்.

ஏன் நடக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நேர்மையாகச் சொல்கிறேன். அவர் உள்ளே போய்ப் பிழைத்திருந்தால், அறுபத்து மூன்று முறையும் அவர் வந்தது நியாயமாகிவிடும். "பார்த்தீங்களா சிஸ்டர், நான் வந்தது நல்லதாப் போச்சு" என்று வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பார். எல்லாரும் அவருடன் சேர்ந்து சிரிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னிடம் வலு இல்லை. அவ்வளவுதான்.

பன்னிரண்டு இருபதுக்கு நாடி எழுபத்தாறு என்று பதிந்து, "உறங்குகிறார், தொந்தரவு இல்லை" என்று எழுதினேன். அதற்குப் பத்து நிமிடம் முன்பே அவர் இறந்திருக்க வேண்டும் என்று பிரேதப் பரிசோதனை கூறுகிறது. நானும் அவ்வாறே கணித்திருந்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்குத் தரை துடைக்க வந்தவர் அவரைக் கண்டார்.

ஆகவே கவனக்குறைவு என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். நான் பார்த்தேன், அறிந்தேன், விட்டுவிட்டேன். எங்கே கையெழுத்திட வேண்டுமோ காட்டுங்கள், இடுகிறேன்.

நீங்கள் மெர்வைப் பற்றி மட்டுமே கேட்டீர்கள். முழுமை கருதி இந்தத் தாளையும் கொடுக்கிறேன். அந்த நாற்காலியில் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். பத்திரிகையில் வரும் மரண அறிவிப்புகளை வாரந்தோறும் நான் பார்த்து வந்தேன். அகர வரிசையில் எழுதியுள்ள இந்த நான்கு பெயர்களும், அந்த முப்பத்தெட்டுப் பேரில், அவற்றில் நான் கண்டவை. ஒருவர் வந்துபோன அன்றிரவே, ஏனையோர் இரண்டொரு நாளில் இறந்தார்கள். இவர்களை மெர்வுடன் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் இவர்கள் தாமாக எழுந்து சென்றவர்கள். அந்தத் திங்கட்கிழமை வரை என் காத்திருப்பறையில் ஒருவர்கூட இறந்ததில்லை. இந்த நால்வரும் தத்தம் வீட்டில்தான் இறந்தார்கள். அதையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.