சரஸ்வதிக்கு நான் போட்ட மஞ்சள் கோடு

அவைத் தலைவர் வினிதா அவர்களே, ஆலைகளில் ஆயுளை உருக்கிய ஆன்றோர்களே, முதல் ஷிப்ட் முடித்த களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, ஓசூர்த் தொழிற்சங்கத் தோழர்களே, வணங்குகிறேன்.

பேச்சு தடுமாறும் என்ற அச்சத்தால் எண் போட்டு எழுதி வந்தேன்.

1. பால்புதுமைக் கோட்பாடு கற்றுத்தருவது.
2. போச்சம்பள்ளி ஆலை வாசலில் நான் கண்டது.
3. எல்லா ஆலைகளிலும் மூன்றாம் வரிசை கேட்டு ஒரு தீர்மானம்.

என்ன, ஆஞ்சப்பன்? சத்தமாகவா? பேசுகிறேன், ஒலிவாங்கியைக் கண்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

முதலாவது. ஓய்வு பெற்றபின் படித்தேன், பாதிதான் விளங்கியது. ஆண், பெண் என்பது பிறந்த அன்றே முடிந்துபோன செய்தியல்ல. நடந்தும் உடுத்தும் பேசியும் நாள்தோறும் நாம் செய்துகொண்டிருப்பது என்கிறது அந்தக் கோட்பாடு. அப்படியானால் நம்மை இரண்டாகப் பிரித்தது யார்? இயற்கையா? இல்லை, எங்கள் ஆலை வாசலா?

இரண்டாவது. அந்த ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தேன். உள்ளே போகிறவர்களைத் தொட்டுச் சோதிப்பார்கள்: ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம் திரைக்குப் பின்னே. திருநங்கையான சரஸ்வதி வேலைக்கு வந்தார்.

"கார்டுல ஆம்பளைன்னு இருக்குது, இங்க எதுக்கு வர்ற?" என்றார் பெண்கள் பக்கக் காவலர் செல்வம்மாள்.

"ஏம்மா, உம்மேல நான் எப்படிக் கை வெக்கறது? அந்தப் பக்கம் போ" என்றார் ஆண் காவலர்.

சங்கு ஊதியது. எல்லோரும் உள்ளே, சரஸ்வதி மட்டும் வெளியே.

நான் என்ன செய்தேன்? நடுவில் மஞ்சள் கோடு போட்டுத் தனி வரிசை வைத்தேன். நீதி செய்தேன் என்று நிமிர்ந்து நடந்தேன். பன்னிரண்டாம் நாள் அவர் வரவில்லை. 'சொல்லாமல் நின்றவர்' என்று பதிவேட்டில் எழுதினேன். ஏன் நின்றார் என்று கேட்டேனா? இல்லை.

மீண்டும் வேலை கேட்டு அவர் கொடுத்த மனுவுக்கு நாளை ஆலை நிர்வாகம் பதில் சொல்கிறது. இதோ, இங்கேதான் அமர்ந்திருக்கிறார். மூன்றாவதாக... எழுந்துவிட்டாரே! சொல்லுங்கள் அம்மா.

"சார், அந்தக் கோட்டுல நான் ஒருத்திதான். ரெண்டு லைனும் திரும்பி என்னியே பாக்கும். 'மூணாம் நம்பர் வந்திருச்சுடா'ன்னு சிரிப்பானுங்க. தனி லைன் யாரு கேட்டா? பொம்பளைங்களோட நிக்கறேன்னுதான மொத நாளே சொன்னேன்!"

சொன்னார். என் காதில்தான் ஏறவில்லை.

தலைவர் அவர்களே, என் மூன்றாவது கருத்து தவறு. அடித்துவிடுங்கள். இரண்டு கூண்டுகள் போதாதென்று மூன்றாவது கூண்டு செய்து, ஒருவரை அதில் நிற்க வைத்தேன். சரஸ்வதி பெண்கள் வரிசையில் நிற்பார் என்று தீர்மானத்தை எழுதுங்கள்.

அம்மா, நாளை உங்களோடு நானும் ஆலைக்கு வருகிறேன். தவறியவன் நான்தான் என்று அங்கேயும் சொல்கிறேன். பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி, வணக்கம்.