மாப்பிள்ளையும் பொண்ணும் திரும்பி வந்த நாள்

— மெதுவா சிஸ்டர், பையை இன்னும் அவிழ்க்காதீங்க. அப்படியே தண்ணி மேல மிதக்கட்டும்.

— பாவம் டாக்டர், மாப்பிள்ளை மீனும் பொண்ணு மீனும் பைக்குள்ள ஒண்டிக்கிட்டுக் கிடக்குதுங்க. வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டு உள்ள விட மாட்டேங்கறீங்களே!

— பைத் தண்ணி சூடு வேற, தொட்டித் தண்ணி சூடு வேற. சட்டுனு விட்டா தூக்கிவாரிப் போடும். கொஞ்சம் பொறுக்கணும், அவ்வளவுதான்.

— பொறுக்காம என்ன சார்? வாரத்துக்கு மூணு நாள் இந்த டயாலிசிஸ் வார்டுல படுத்து ரத்தத்தைக் கழுவிக்கிட்டு வெறும் தொட்டியையே பாத்தவங்க நாங்க. இன்னும் கொஞ்ச நேரம் பொறுக்க மாட்டோமா? என்னைத் தெரியுதா? போன்ல உங்களைத் திட்டின ரிட்டயர்டு பஸ் கண்டக்டர்.

— ஓ, நீங்கதானா அது! எங்க மீனைக் கடத்திட்டுப் போய் என்னய்யா பண்றேன்னு கேட்டீங்களே?

— கண்டக்டர் ஐயா! மீன் டாக்டருக்குப் போன் வேற பண்ணீங்களா? நம்பர் யார் குடுத்தது?

— நீதாம்மா சிஸ்டர். இவரு கார்டை மேசை மேல போட்டுட்டு ஊசி எடுக்கப் போனே. நான் சும்மா இருப்பேனா?

— நல்லா இருக்கு! டாக்டர், இவரு பேசினதை மனசுல வச்சுக்காதீங்க. சொல்லப்போனா, அன்னைக்கு நீங்க வரலேன்னா ஒண்ணுகூடத் தேறியிருக்காது. நான் வெள்ளைப்புள்ளி நோய்னு நெனச்சுக்கிட்டு, கடையில வாங்கின மருந்தை அப்படியே தொட்டியில ஊத்தப் பாத்தேனே!

— ஊத்தியிருந்தா அந்தப் பவளம், இறால், நத்தை எல்லாம் போயிருக்கும். அந்த மருந்துல இருக்கறது செம்பு. அளவா குடுத்தா மீன் தாங்கும், அதுங்க தாங்காது. அதனாலதான் மீனை மட்டும் பிரிச்சு என் இடத்துக்குக் கொண்டு போனேன்.

— ஆமா, அது வெள்ளைப்புள்ளி இல்லேன்னு பாத்ததுமே எப்படி சார் சொன்னீங்க?

— பாத்ததும் சொல்லலை ஐயா, சந்தேகப்பட்டேன். ரெண்டும் செவுளைப் படபடன்னு அடிச்சுக்கிட்டு பம்பு வாயிலயே நின்னுச்சு. தீனி போட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. வெள்ளைப்புள்ளின்னா உப்புக்கல்லு ஒட்டின மாதிரி தனித்தனியாத் தெரியும். இதுக்கு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சா, மேலெல்லாம் பழுப்புத் தங்கத்தூள் தூவின மாதிரி இருந்துச்சு. அப்புறம் தோலை லேசாச் சுரண்டி மைக்ராஸ்கோப்ல வச்சேன். உறுதியாச்சு. வெல்வெட்டுன்னு பேரு. பேருதான் மெத்துமெத்துன்னு இருக்கும். விட்டா தொட்டியையே காலி பண்ணிடும்.

— அந்த நீல மீனோட வந்ததுதானே டாக்டர் அது? இங்க நம்ம வார்டுல படுத்திருந்த டீச்சருக்கு வேற கிட்னி கிடைச்சு, இனிமே இங்க வர வேண்டாம்னு ஆனதும், சந்தோஷத்துல வாங்கிட்டு வந்து விட்டாங்க. மறுவாரமே அது செத்துப்போச்சு. பாவம், கேள்விப்பட்டு அழுதே அழுதுட்டாங்க.

— அழ வேண்டாம்னு சொல்லுங்க. அவங்க மேல தப்பில்லை. புது மீனைக் கொஞ்ச நாள் தனியா வச்சுப் பாத்துட்டுத்தான் சேக்கணும்னு கடைக்காரன் சொல்லியிருக்கணும்.

— சரி, மீனுக்கு உடம்பு சரியாகி எத்தனையோ நாளாச்சுன்னு போன்ல சொன்னீங்களே. அப்பவே கொண்டு வர்றதுக்கென்ன?

— கிருமி இந்தத் தொட்டியிலயும் இருந்துச்சே ஐயா. அதுக்கு ஒட்டிக்க ஒரு மீன் வேணும். மீனே இல்லேன்னா பட்டினி கிடந்து தானாச் சாகும். அதுக்குத்தான் காலியா போட்டது.

— கிருமிக்குப் பட்டினி, எங்களுக்குக் காத்திருப்பு!

— ஆனா பாருங்களேன் டாக்டர், ஒரு அதிசயம் நடந்துச்சு. முன்னெல்லாம் இவங்க வருவாங்க, படுப்பாங்க, யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க. மீன் போனதுக்கப்புறம், வர்றவங்க எல்லாம் எடை மெஷின்ல ஏறறதுக்கு முன்னாடியே, மீன் எப்படி இருக்குன்னு ஆரம்பிச்சுடுவாங்க. நீங்க அனுப்பற போட்டோவை ஒவ்வொரு கட்டிலாக் கொண்டு போய்க் காட்டுவேன். மாப்பிள்ளை மறுபடி சாப்பிடறான்னு நீங்க சொன்ன அன்னைக்கு, இந்த வார்டே கை தட்டுச்சு.

— உண்மைதான் சார். எங்க எல்லாரையும் பாத்து மத்தவங்கதான் உச்சுக் கொட்டுவாங்க. நாங்க உச்சுக் கொட்ட ஒரு ஜீவன் கிடைச்சுதே! எத்தனை நாளுக்கப்புறம் அந்த சந்தோஷம், தெரியுமா?

— ஐயா, ஒண்ணு கேக்கலாமா? அந்த ஊசி போடறப்ப ரொம்ப வலிக்குமா?

— வலிக்கும். ஆனா ஊசியை விட முதல் நாளு நம்ம மனசு போடற கூச்சல்தான் பெருசு. வாழ்க்கை இத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சுத்தான் வந்து படுத்தேன். நாலு வருஷமாச்சு. போன மாசம் பேத்தியோட பள்ளிக்கூட விழாவுல பாட்டுக்கூட பாடினேன்.

— கண்றாவியாப் பாடியிருப்பீங்க.

— நீ வேலையைப் பாரும்மா! சார், ஏன் கேக்கறீங்க?

— சும்மாதான். சிஸ்டர், இப்ப பையைத் திறங்க. கொஞ்சம் கொஞ்சமாத் தொட்டித் தண்ணியை உள்ள ஊத்துங்க... போதும். இனி கையால மெதுவா எடுத்து விடலாம். பைத் தண்ணி தொட்டிக்குள்ள போகக் கூடாது.

— ஐயோ, பொண்ணு முதல்ல போறா பாருங்க! நேரா அவ பழைய பவளத்துக்கே போறா!

— மாப்பிள்ளை பின்னாடியே ஓடறான். இவன் என்னைக்கு முன்னாடி போயிருக்கான்? எல்லா வீட்டுலயும் ஒரே கதைதான்.

— இந்த மீன்ல பெருசா இருக்கறதுதான் பொம்பளை ஐயா. வீட்டுல அது வச்சதுதான் சட்டம்.

— டாக்டர், உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. வாய் வார்த்தையில அடங்காது. இங்க ஒவ்வொரு கட்டில்லயும் உங்களை நெனைக்கிறாங்க.

— நன்றி நான்தான் சொல்லணும் சிஸ்டர். தொட்டியைப் பாக்க நான் வந்தப்பெல்லாம் இந்தக் கட்டில்களையும், இவங்க சிரிக்கறதையும், நீங்க ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக்கிட்டு ஊசி போடறதையும் பாத்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்னு உங்களுக்குத் தெரியாது.

— அதுல என்ன இருக்கு, எங்க வேலையே அதுதானே! நல்லவேளை, இன்னைக்கே கொண்டு வந்துட்டீங்க. திங்கக்கிழமை டயாலிசிஸுக்குப் புதுசா ஒருத்தர் சேரறாராம். முதல் நாள்னா எல்லாரும் பயந்துக்கிட்டேதான் வருவாங்க. மீனைக் காட்டித்தான் பேச்சுக் குடுப்பேன்.

— புதுசா யாரும்மா வர்றது? ஆளு எப்படி? நம்மகூட ஒத்துப்போவாரா?

— பேரு, விவரம் எதுவும் இன்னும் எங்கிட்ட வரலை ஐயா. ரொம்ப நாளா வேண்டாம் வேண்டாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாராம். போன வாரம்தான் மனசு மாறி ஒத்துக்கிட்டாருன்னு பெரிய டாக்டர் சொன்னாரு.

— அவருக்குப் பேச்சுக் குடுக்கறது சுலபம், சிஸ்டர். இந்த மீன் ரெண்டையும் அவருக்கு நல்லாத் தெரியும். திங்கக்கிழமை வரப்போறது நான்தான்.