மூன்று கோடை ஒட்டியதை உரித்தெடுத்த மருதாத்தாள் அக்காவுக்கு

டமார்!

போன வாரம் நம் ஷெட் வாசலில் லாரியின் பின்கதவு விழுந்த சத்தத்துக்குக் கஞ்சிக்கோட்டு ரோட்டில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பாதவர் நீங்கள் ஒருவர்தான். அந்தச் சத்தத்திலிருந்தே இந்தப் பாராட்டு மடலைத் தொடங்குகிறோம்.

அனலுக்கு அசையாதவரே! அதட்டலுக்கு அடங்காதவரே! தகடு உரிக்கும் பிரிவின் தன்னிகரில்லாத் தலைவியே! எங்கள் மருதாத்தாள் அக்கா அவர்களே, வணக்கம்!

வழக்கமான மடல் என்றால் இந்த இடத்தில் பொறுமை, பணிவு, அடக்கம் என்று அடுக்க வேண்டும். அப்படி எழுதிச் சட்டம் போட்டு மாட்டினால் உங்கள் வீட்டில் உள்ளவர்களே சிரிப்பார்கள். உங்களுக்குப் பொறுமை உண்டு. அது பிலிமிடம் மட்டும். நீங்கள் குனிவதும் உண்டு. அது தகட்டின் மேல் மட்டும்.

புது அலுமினியத் தகட்டில் கீறல் விழாமலிருக்க ஒரு மெல்லிய பிலிம் ஒட்டி வரும். சீக்கிரம் உரித்தால் வாழை மட்டை போல வந்துவிடும். வெயிலில் விட்டுவிட்டால் இறுகிப்போய், நகக்கண் அளவுக்குத் துணுக்குத் துணுக்காகத்தான் பெயரும். அப்படிப்பட்ட தகடுகளை மீட்டுக் கொடுக்கத்தான் கம்பெனி நம் பிரிவை வைத்தது. அந்தப் பிரிவைத்தான் மேனேஜர் ஜிபி சார் மூட வந்தார்.

"சேச்சி ரிட்டயர் ஆகிற அன்னிக்கே இந்த செக்ஷனும் நிறுத்தலாம்னு மேலே தீர்மானிச்சாச்சு. உரிக்க மால் வரணுமல்லோ?" என்றார் அவர் தம் மலையாளத் தமிழில்.

இந்த வேலை போனால் எங்களுக்கு வேறு வேலை வைத்துக்கொண்டு யாரும் காத்திருக்கவில்லை. நீங்கள் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே வார்த்தை கேட்டீர்கள்.

"வந்தா?"

"வந்து, முழுசா உரிச்சும் கொடுத்தா, செக்ஷன் இருக்கும்."

"இத்தன பேரு காதுல உழுந்திருக்குதுங்க சார். அப்பறம் மறந்துராதீங்க."

மறுநாளே அந்த லாரி வந்தது. வேலந்தாவளம் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிய கல்யாண மண்டபத்து முகப்புத் தகடுகள் அதில் இருந்தன. நம்மிடம் வாங்கியவைதான். திறப்பு விழா அன்றைக்குத்தான் உரிக்க வேண்டும், அப்போதுதான் ஊரே கண் கூசும் என்று பிலிமோடு அடித்து வைத்தார்களாம். பெயர்ப் பலகையில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் திறப்பு விழா மூன்று கோடைக்குத் தள்ளிப்போனது. பாலக்காட்டு வெயில் யாருக்காகவும் தள்ளிப்போகவில்லை. லாரி டிரைவர் இறங்கியதும், "மருதாத்தாக்கா இல்லீங்களா?" என்று கேட்டார். அப்போது எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஜிபி சார் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்த்தார். "சேச்சி, இது ஸ்க்ராப். எதுக்கு வெறுதே பாடுபடணும்?"

"ஏனுங்க சார், ஒட்டியிருக்கறது பிளாஸ்டிக்குங்க, உங்க கம்பெனி உத்தரவில்லீங்க. இழுத்தா வரும்."

முதல் நாள் வரவில்லை அக்கா. உங்களுக்கும் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை. மண்ணெண்ணெய் தடவினோம், மூக்குத்தான் எரிந்தது. பிளேடு எடுத்த கையை நீங்கள் தட்டிவிட்டீர்கள். ஒரு கீறல் விழுந்தால் மொத்த லோடும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும் என்று உங்களுக்குப் பயம். தைலம் காய்ச்சும் மலையூர் சித்திரபுரத்திலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கும் முருகேஸ்வரி உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"ஏக்கா, இது வராதுக்கா. கல்லு மாதிரில்லா ஒட்டிக் கெடக்கு!"

"கண்ணுல உடற தண்ணியத் தகட்டுல உடு புள்ள. அங்கயாவது ஊறும்."

விளையாட்டாகச் சொன்னீர்களோ என்னவோ, அதுவே வழியாயிற்று. சாக்குகளை வெந்நீரில் நனைத்துத் தகடுகளைப் போர்த்தினோம். சூடு ஆறுவதற்குள் பிளாஸ்டிக் ஸ்கேலால் பிலிமின் விளிம்பைக் கிளப்பி, மேலே தூக்காமல், தகட்டோடு தகடாகப் படுக்க வைத்து இழுத்தோம். மிஞ்சிய பசைக்கு முருகேஸ்வரி தன் பெட்டிக்குள் வைத்திருந்த யூக்கலிப்டஸ் தைலத்தைக் கொண்டுவந்தாள். பசை கரைந்தது. தீர்ந்ததும் ஊருக்குப் போன் போட்டு கேன் கேனாக வரவழைத்தாள். ஷெட் முழுக்கச் சளி பிடித்த வீடு மாதிரி மணந்தது. "இந்த வாரம் ஒருத்தருக்கும் ஜலதோஷம் லீவு கெடையாது" என்றீர்கள்.

விடைபெறும் நாளில் வேலையைத் தொடக்கூடாது, மாலை போட்டு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது நம் ஷெட்டின் வழக்கம். அதையும் இன்று காலை மீறினீர்கள். கடைசித் தகடு ஒன்று பாக்கி இருந்தது. மாலையைக் கொண்டுவந்தோம்; அதைத் தைலக் கேன் கழுத்தில் மாட்டிவிட்டு, சாக்கை விலக்கி உட்கார்ந்தீர்கள். பிலிம் முழு நீளத்துக்கு ஒரே இழுப்பில் சர்ரென்று உரிந்து வந்தபோது நாங்கள் போட்ட சத்தம் லாரிக் கதவின் சத்தத்தைத் தோற்கடித்தது.

இந்தக் கைகளுக்கு இனிமேலும் காய்ப்பு மறையாதிருக்கட்டும்! இந்த நாக்குக்கு என்றும் சுளுக்குப் பிடிக்காதிருக்கட்டும்! பேரன் பேத்திகளை அதட்டிக்கொண்டு, மூட்டு வலி என்ற சொல்லையே கேட்காமல், பல்லாண்டு நீங்கள் பளபளவென்று வாழ வேண்டும்! எங்கள் யாரையாவது யாராவது போகச் சொன்னால் ஒரு நடை வந்து இடுப்பில் கைவைத்து நிற்கவும் வேண்டும்!

இப்படிக்கு, தகடு உரிக்கும் பிரிவுத் தோழியர் அனைவரும்.

எங்கள் கையெழுத்துக்குக் கீழே ஜிபி சாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். போடுவதற்கு முன் கடைசித் தகட்டில் விரலை ஓட்டிப் பசை தேடினார். அவர் முகம்தான் அதில் தெரிந்தது. "சரி, செக்ஷன் இருக்கும். ஆனா சேச்சி, சரியா அந்த நேரம் பார்த்து இந்த லோடு எப்படி வந்தது?" என்று கேட்டார். நீங்கள் சொன்ன பதிலை, சட்டத்துக்குள் என்றும் இருக்கட்டும் என்று, அப்படியே எழுதி முடிக்கிறோம்.

"எங்கூரு மண்டபந்தானுங்க சார், நாந்தான் போன் பண்ணிக் களட்டி அனுப்பச் சொன்னேன், பக்கத்தூருல இன்னும் ரெண்டு மண்டபம் பிலிமோட நிக்குதுங்க, அதுக்கும் சொல்லியாச்சு."