தீர்க்கக் கூடாத பாக்கி

— ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், போதும். வுயெல்வா டியாபாங்கறது நீங்கதானே?

— நான் யாரா வேணா இருந்துட்டுப் போறேன். முதல்ல நீ யாரு, அதைச் சொல்லு. கோழிக்குத் தீனி வைக்கிற நேரத்துல கூப்பிட்டு ஆமா சொல்லு, ஆமா சொல்லுன்னா? பொண்ணு கேட்டு வந்திருக்கியா?

— என் பேரு லுவோ சிஜாடு, மேடம். தென்னாப்பிரிக்கா முழுக்கக் கடன் வசூல் பண்ற கம்பெனி. ஈஸ்ட் லண்டன் ஆபீஸ்லேருந்து பேசறேன். நாம பேசறது முழுக்கப் பதிவாகுது.

— சிஜாடுவா? எந்தச் சிஜாடு? எந்த ஊரு?

— சொந்த விஷயம் பேச எங்களுக்கு அனுமதி இல்ல, மேடம். உங்க பேர்ல ஒரு பிரிட்ஜ் பாக்கி நிக்குது. தவணையில எடுத்தது. வட்டியோட சேர்த்துப் பத்தொன்பதாயிரத்து அறுநூறு ராண்ட்.

— ஏம்ப்பா, அது பிரிட்ஜா, பஸ்ஸா?

— ரெண்டு கதவு, வெள்ளை. உங்க ஊர்க் கிளையில எடுத்திருக்கீங்க. சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது.

— அந்தக் கடை இருந்த இடத்துல இப்போ சவப்பெட்டி விக்கிறாங்க. கடையே செத்துப் போச்சு. கடன் மட்டும் எப்படி எழுந்து நடந்து வந்துச்சு?

— கடை மூடறப்போ பழைய கணக்கையெல்லாம் எங்க கம்பெனிக்கு வித்துட்டாங்க, மேடம்.

— சரி, ஒரு கதை சொல்றேன் கேளு. எங்க தெருவுல ஒரு பொம்பளை இருந்தா. நான் இல்ல, வேற ஒருத்தி. நல்லாப் பதிவு பண்ணிக்க, வேற ஒருத்தி. அவ ஆஸ்பத்திரியில கிடந்தப்போ ரெண்டு தவணை தவறிப் போச்சு. லாரியோட வந்தானுங்க. உள்ள இருந்த இறைச்சியை எடுத்து முற்றத்துல வெச்சுட்டு பிரிட்ஜைத் தூக்கிட்டுப் போயிட்டானுங்க. தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சு, நாய் உட்பட. இப்போ சொல்லு, பிரிட்ஜும் உங்களுது, பணமும் உங்களுதா?

— அந்த விவரம் சிஸ்டத்துல இல்லியே, மேடம்.

— இருக்காது. உங்களுக்கு வேண்டியதுதான் அதுல இருக்கும். அப்புறம் இந்த மேடத்தை விடு. கோழி விக்கிறவளுக்கு எதுக்கு மேடம்? வயசுல மூத்தவளைக் குலப்பேர் சொல்லிக் கூப்பிட உங்க வீட்டுல சொல்லித் தரலியா? நான் ஜோலா குலம், மாஜோலான்னு கூப்பிடு.

— ...

— என்ன, லைன் போயிடுச்சா?

— இல்ல. இருக்கேன். சரிங்க, மாஜோலா. கம்பெனி உங்களுக்கு ஒரு சலுகை தருது. முழுசா வேண்டாம். இப்போதைக்கு அம்பது ராண்ட் போடுங்க. நல்ல மனசுக்கு ஒரு அடையாளம். மீதியை நிதானமாப் பேசிக்கலாம்.

— பத்தொன்பதாயிரத்துக்கு அம்பது ராண்ட் எந்த மூலைக்குப் பத்தும்?

— அதான் சொன்னேனே, அடையாளம்.

— பத்தாதுன்னு தெரிஞ்சும் நீ கேக்கறேன்னா அந்த அம்பதுல வேற ஏதோ சூட்சுமம் இருக்கு. வெள்ளிக்கிழமை கூப்பிடு. நீயே கூப்பிடணும், வேற ஆளு வேண்டாம்.

*

— நோசிசா, எங்க கிளம்பிட்டே? பையெல்லாம் தூக்கிக்கிட்டு?

— கடைக்குத்தான் வுயெல்வா. மாவு தீர்ந்துடுச்சு. அப்புறம்... ஒரு அம்பது ராண்ட் கட்டணும்.

— என்ன அம்பது?

— கோவிச்சுக்காதே. அந்தக் கடன்காரங்க எனக்கும் போன் பண்ணாங்க. பக்கத்து வீட்டு வுயெல்வாவைத் தெரியுமான்னு ஒரு பொண்ணு தேனா ஒழுகினா. ஏசப்பா, எனக்கு வெக்கமாப் போச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச்சுல உன் பக்கத்துல உக்காந்து பாடறவ நான். உனக்குத் தெரியாம நானே கட்டிடறேன்னு சொல்லிட்டேன்.

— கட்டிட்டியா?

— இல்ல, இப்போதான் போறேன்.

— பையைக் கீழ வை. வைடி கீழ! உன் அம்பது ராண்ட் என் கழுத்துல கயித்தை மாட்டிட்டு வந்திருக்கும்.

— நல்லதுக்குத்தானே நினைச்சேன்!

— தெரியும். உன் நல்ல மனசை நம்பித்தான் அவளும் உன்கிட்ட வந்திருக்கா. உக்காரு, சொல்றேன். சர்ச் கூடத்துல செவ்வாய்க்கிழமை இலவசமாச் சட்டம் சொல்ற அம்மா வர்றாங்களே, போய்க் கேட்டுட்டு வந்துட்டேன். இந்த மாதிரி கடனுக்கு ஆயுசு மூணு வருஷம். அந்த மூணு வருஷத்துல நாம பணமும் கட்டலை, ஆமா பாக்கிதான்னு ஒத்துக்கவும் இல்ல, அவங்களும் கோர்ட்டுக்குப் போகலைன்னா கடன் செத்துடும். அதுக்கப்புறம் கேக்கவே கூடாது.

— உன்னுது எத்தனை வருஷம்?

— எத்தனை மூணு ஓடிப் போச்சு! எம் பொண்ணு சிவே அப்போ பால்வாடிக்குப் போயிட்டிருந்தா, இப்போ நர்சிங் காலேஜுக்கு நிக்கிறா. ஆனா ஆமா பாக்கிதான்னு நான் வாய் விட்டாலோ, என் பேர்ல அம்பது ராண்ட் விழுந்தாலோ, பிணத்துக்கு மறுபடி மூச்சு வந்துடுச்சுன்னு கோர்ட்டுல போய் நிப்பானுங்க. அதுக்குத்தான் இவ்வளவு தேனு.

— ஐயோ ஏசப்பா. நான் போக இருந்தேனே.

— டிசம்பர்ல என் சீட்டு விழுது. அது சிவே காலேஜுல சேர்றதுக்கு. அதுலேருந்து ஒரு காசு இவனுங்களுக்குப் போகாது. ஏமாத்தணும்னு நான் நினைக்கலை நோசிசா. பிரிட்ஜ் என்கிட்ட இருந்தா பட்டினி கிடந்தாவது கட்டியிருப்பேன். பொருளையும் தூக்கிட்டுப் போயிட்டு, நான் கட்டின காசையும் முழுங்கிட்டு, இப்போ எம் பொண்ணு படிப்பு மேல கை வெக்கிறானுங்க. விட மாட்டேன்.

— அப்புறம் ஏன் அந்தப் பையன்கிட்ட வெள்ளிக்கிழமை பேசறேன்னே? போனை எடுக்காம விட்டுடேன்.

— கடைசியா எப்போ பணம் கட்டினதுன்னு அவன் வாயால வரணும். அதுக்கப்புறம் இன்னொன்னு கேக்கணும்.

— என்ன?

— அது கடன் விஷயம் இல்ல. நீ மாவு வாங்கிட்டு வா. அம்பது ராண்டை இங்க வெச்சுட்டுப் போ, உன்னை நம்ப முடியாது.

*

— வணக்கம் மாஜோலா, லுவோ பேசறேன். பேச்சு பதிவாகுது. முடிவு பண்ணிட்டீங்களா?

— பண்ணிட்டேன். நீ ஒண்ணுக்குப் பதில் சொல்லு, நானும் சொல்றேன். அந்தக் கணக்குல கடைசியாப் பணம் விழுந்தது எந்த வருஷம்?

— அது... முக்கியம் இல்லீங்க. இன்னிக்கு என்ன பாக்கிங்கறதுதான்.

— எனக்கு அதுதான் முக்கியம். எந்த வருஷம்?

— மேலதிகாரியைக் கேக்கணும்.

— கேளு. நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். கோழிக்குத் தீனி வெச்சாச்சு, துணி காயப்போட்டாச்சு, சோளமும் பீன்ஸும் அடுப்புல வேகுது. பொழுது சாயற வரைக்கும் எனக்கு வேலை இல்ல.

— மாஜோலா, என்னை ஏன் வம்புல மாட்டறீங்க? மாசக் கடைசி. இன்னும் நாலு பேராவது கட்டினாத்தான் எனக்கு ஊக்கத்தொகை.

— புரியுது. உனக்கும் வயிறு இருக்கு. ஆனா எம் பொண்ணு வயித்துல அடிச்சு உன் வயித்தை நிரப்ப முடியாது. வருஷத்தைச் சொல்லு ராசா.

— ரெண்டாயிரத்துப் பதினொண்ணு.

— பதிவாச்சா?

— ஆச்சு.

— அப்புறம் கோர்ட்டுல ஏதாவது தீர்ப்பு இருக்கா? நான் கையெழுத்துப் போட்ட காகிதம்?

— இல்ல.

— அப்போ சட்டப்படி இது என்ன கடன்?

— காலாவதிக் கடன்.

— சத்தமா.

— காலாவதி ஆயிடுச்சு, மாஜோலா. எனக்குத் தெரியும். எங்க எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஜனங்க கட்டறாங்க, அதான் கூப்பிடறோம். இப்போ குறிச்சுட்டேன். இனிமே இந்த நம்பருக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. பக்கத்து வீட்டுக்கும்தான்.

— நன்றி. நல்லா இரு.

— ஆனா ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சட்டப்படி நீங்க ஜெயிச்சுட்டீங்க. மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல? கடனுக்கு வயசு கிடையாது. எங்க ஊர்ல அப்பன் வெச்சுட்டுப் போன கடனைக்கூட மகன் தீர்ப்பான்.

— அப்படி வா வழிக்கு. கம்பெனிக்காரன் போயிட்டான், இப்போ மனுஷன் பேசறான். எது உங்க ஊரு?

— அதான் சொன்னேனே, அனுமதி...

— பிரிட்ஜ் பேச்சு முடிஞ்சுடுச்சு. பெரியவ கேட்டா குலத்தைச் சொல்றது மரியாதை. அதுக்குமா மேலதிகாரியைக் கேக்கணும்?

— ஊரு கோஃபிம்வாபா. குலம் பேலே.

— அம்மா வழி?

— அது எதுக்குங்க?

— அப்பா வழி சொன்னா அம்மா வழியும் சொல்லணும்.

— ஜோலா. எங்கம்மாவும் ஜோலா குலம்தான். அதான் அன்னிக்கு மாஜோலான்னு கூப்பிடச் சொன்னப்போ எனக்குப் பேச்சே வரலை. இது வரைக்கும் யாரையும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்கு ஒரு வயசு ஆகறப்போவே அம்மா போயிட்டாங்களாம். அப்பாவைப் பெத்தவங்கதான் வளர்த்தாங்க. அம்மா வீட்டு ஆளுங்க யாருன்னு கேட்டா, கெட்டவங்க, கேக்காதேன்னுடுவாங்க.

— உங்கப்பன் பேரு ஜோலிலே. சுரங்க வேலை. இடது கையில ரெண்டு விரல் இருக்காது.

— ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

— உங்கம்மா பேரு லிந்திவே.

— நீங்க யாரு? மாஜோலா, நீங்க யாரு?

— என் வாயால ஆமா வரவழைக்க நீயும் எவ்வளவோ பார்த்தே. இப்போ சொல்றேன், கேட்டுக்க. ஆமா, நான் வுயெல்வா டியாபா. லிந்திவே டியாபாவோட தங்கச்சி.

— டியாபா... அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரைக்கூட எனக்கு யாரும் சொன்னதில்லை.

— சொல்லியிருக்க மாட்டாங்க. நீ பேரைச் சொன்ன உடனே எனக்குத் திக்குனு ஆச்சு. சிஜாடு ஆயிரம் பேரு இருப்பாங்க. ஆனா அந்தக் குரல் அப்படியே உங்கப்பன் குரல்.

— எங்கம்மா வீட்டுக்காரங்க கெட்டவங்கன்னு ஏன் சொன்னாங்க? என்ன நடந்துச்சு?

— என்ன நடந்துச்சுன்னா, உங்கப்பன் பரிசம் பாக்கி வெச்சான். ஏழு மாடுன்னு பேச்சு. நாலு வந்துச்சு, மூணு வரலை. வரும் வரும்னு ரெண்டு வருஷம் ஓடிச்சு. அதுக்குள்ள லிந்திவே காய்ச்சல்ல போயிட்டா. பரிசம் முழுசா வராத பொண்ணு இன்னும் எங்க பொண்ணுதான்னு எங்கப்பா பிடிவாதமா அவளைத் தூக்கிட்டு வந்து எங்க வீட்டுலயே புதைச்சாரு. மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துல.

— அம்மாவோட கல்லறை அங்கயா இருக்கு? ஊரு இடுகாடு முழுக்கத் தேடியிருக்கேன். ஒவ்வொரு கல்லாப் படிச்சுப் பார்த்திருக்கேன்.

— இங்க இல்ல, எங்கப்பா ஊர்ல. கல்லு வெச்சிருக்கோம். புல் மண்ட விட மாட்டேன். கேளு. அவ பெத்த பிள்ளையும் எங்களுதுன்னு எங்கப்பா உன்னைக் கேட்டாரு. உங்கப்பன் பயந்துட்டான். அடக்கம் முடிஞ்ச மறுநாள் உன்னைப் போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போயிட்டான். நாங்க போய்ப் பார்த்தா வீடு பூட்டிக் கிடந்துச்சு. எங்கெங்கயோ தேடினோம். உன்னைத் தூக்கி வெச்சிருந்த இடுப்பு இது. எத்தனை நாள் அழுதேன்னு எனக்குத்தான் தெரியும்.

— சித்தி...

— ஆமா, சித்தி. இன்னொரு தடவை கூப்பிடு.

— சித்தி, இது எல்லாம் பதிவாகுது.

— ஆகட்டும். உங்க மேலதிகாரியும் உக்காந்து கேக்கட்டும்.

— அப்பாவும் போன வருஷம் போயிட்டாரு. கடைசி வரைக்கும் இதைச் சொல்லலை. அந்த மூணு மாட்டை நான் கொடுத்துடறேன் சித்தி. சட்டம் எதையும் பேச மாட்டேன். சம்பளத்துல சேர்த்து, வருஷத்துக்கு ஒண்ணா ஓட்டிட்டு வந்து உங்க தொழுவத்துல கட்டறேன். எங்கப்பன் கடன் என்னோட கடன்.

— கட்டித் தொலைச்சுடாதேடா ராசா! அந்த மூணு மாடு வந்து சேர்ந்துட்டா நீ உங்கப்பன் வீட்டுப் பிள்ளை ஆயிடுவே. பாக்கி நிக்கிற வரைக்கும்தான் நீ எங்க பிள்ளை.