மான் கொம்புக்குப் பக்கத்தில் வைத்த புள்ளி

பெயர் தனித்தாளில் உள்ளது. தெரிந்தவர்கள் அழைப்பது சக்கரக்கால். வயது 46. தொழில்: ஊர் ஊராகப் போய் ஓவியம் வரைவது, புகைப்படம் எடுப்பது, யாரும் நுழையாத குகைகளைத் தேடுவது. நிலையான முகவரி இல்லை. கடிதங்கள் தம்பி வீட்டுக்கு வரும்.

இன்று காலை ஏழு மணிக்குக் கல்குவாரிக்குப் பின்னால் உள்ள பாறை இடுக்கில் தவழ்ந்து உள்ளே சென்றேன். அதன் பிறகு டார்ச் அடித்துப் பார்த்தபோது சுவர் முழுக்கப் பழங்காலத்துச் சிவப்பு மான்கள் ஓடிக்கொண்டிருந்தன. எண்ணினேன், நாற்பத்தொன்று. இருபத்திரண்டு வருடமாக அலைகிறேன், இப்படி ஒன்றைக் கண்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு ஒரு ரோல் முழுக்கப் படம் எடுத்து, அதன் பிறகு அந்தச் சிவப்பை நோட்டில் பிடிப்பதற்காக நீர்வண்ணம் குழைத்தேன். நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வழக்கமாகத் தாளைத்தான் சுவரோரம் பிடிப்பேன். இன்று கிறுக்குப் பிடித்த மாதிரி, பெரிய மானின் கொம்புக்குப் பக்கத்தில் பாறையிலேயே ஒரு புள்ளி வைத்துவிட்டேன். அது என் தவறு.

அதன் பிறகு குவாரி மேலாளர் வந்தார். அந்தப் பாறைக்கு இன்று மாலை நான்கு மணிக்கு வெடி வைப்பதாக இருக்கிறது. அவர் புள்ளியைத் தொட்டு, சிவந்த விரலைக் காட்டி, "பெயின்ட் இன்னும் காயவே இல்ல! வேலைய நிறுத்தணும்னு எல்லாத்தையும் நீயே வரைஞ்சிட்டியா?" என்றார். அவருடைய புகாரின் பேரில் இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து வரப்பட்டேன். தகவல் கேட்டு ஓடி வந்த தம்பி, "வாய் சும்மா இருந்தாலும் உனக்குக் கை சும்மா இருக்காதாக்கா?" என்றான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன், சரி. மான்கள் என்ன பாவம் செய்தன?

என் வண்ணம் தண்ணீரில் கரையும். அந்தப் புள்ளியையும், ஒரே ஒரு மானின் குளம்போரத்தையும் ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அவ்வளவு பழைய படத்தைத் தொடுவதே பெரும்பாவம். ஆனால் வெடிக்கு ஈரத்துணி தேவலாம். மணி மூன்று பத்து ஆகிறது. கிளம்புங்கள் ஐயா, மீதியை ஜீப்பில் சொல்கிறேன்!

இதில் உள்ளது நடந்தது நடந்தபடி நான் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்)

குறிப்பு: ஒப்பம் ஓடும் ஜீப்பில் பெறப்பட்டதால் கோணலாக உள்ளது. 3.45 மணிக்கு என் கைக்குட்டையை நனைத்துத் துடைத்தேன். புள்ளி போய்விட்டது. குளம்பு அப்படியே இருந்தது. வெடிவைப்பு நிறுத்தப்பட்டது. மான்கள் நாற்பத்தொன்று என்பது பிழை. நான் இரண்டு முறை எண்ணியதில் நாற்பத்திரண்டு.

உதவி ஆய்வாளர்