பக்கத்து வீட்டுக் குழாய்

செருப்போடயே வாங்க சார், பரவால்ல. தண்ணி இன்னும் வரல. இப்ப வந்துரும். அதுவரைக்கும் உக்காருங்க. நாற்காலியில கெடக்குற துணிய அப்பிடித் தள்ளி வைங்க. எல்லாம் ஆஸ்பத்திரித் துணி. டாக்டருங்க கோட்டு, நர்ஸம்மாங்க யூனிஃபார்ம். நான்தான் தொவச்சு இஸ்திரி போட்டுக் குடுக்குறேன்.

ஆமா, வெள்ளையாத்தான் இருக்கு. நல்ல சோப்பு சார்.

உங்கள இங்க யாரு கூட்டியாந்தது? கவுன்சிலர் ஆளா? கறுப்புக் கண்ணாடி போட்டவனா? அதான பாத்தேன். தெரு பூரா வீடு கெடக்க, நேரா என் வாசல்ல எறக்கிவிட்டுட்டுப் போயிருக்கான்.

பக்கத்து வீடு பூட்டிருக்கு சார். தையக்காரம்மா வீடு. அவங்க குடுத்த புகாருக்குத்தான நீங்களே தண்ணி பிடிச்சு டெஸ்ட் பண்ண வந்திருக்கீங்க? மக ஆஸ்பத்திரியில கெடக்குது. மஞ்சக்காமால. கண்ணெல்லாம் மஞ்சளாயி, சோறு கண்டாலே ஓங்கரிச்சுக்கிட்டு... பாக்கப் போனேன். வார்டு வாசல் வரைக்கும் போனேன். உள்ள போகல.

புதுக் குழாய்னு தெருவத் தோண்டிப் போட்டாங்க சார். நடக்க வழியில்லாம கெடந்தோம். கடைசியில மெயின் ரோட்டுல மட்டும் புதுசப் பதிச்சுட்டு, எங்களுக்குப் பழசு மேலயே மண்ணத் தள்ளி மூடிட்டாங்க. வேல முடிஞ்சுதுன்னு ரிப்பன் வேற வெட்டுனாங்க. பழசு சாக்கடையோட ஒட்டிப் போவுது. குழாயத் தொறந்தா சாக்கட நாத்தம்தான்.

தையக்காரம்மாதான் வீடு வீடா ஏறி எறங்குனாங்க. எல்லாரும் சேந்து போய் ஆபீஸ்ல கேப்போம்னு. நானும் கூடவே போனேன், அவங்கள விட நான்தான் அதிகமாக் கத்துனேன். கெளம்புற அன்னிக்குக் காலையில எனக்குத் தலவலின்னு படுத்துட்டேன். நானே வரலன்னதும் ஒவ்வொருத்தரா நழுவிட்டாங்க. அவங்க ஒத்தையாப் போயி, சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ் வாசல்ல நின்னுட்டுத் திரும்புனாங்க. வந்ததும் நேரா இங்கதான் வந்தாங்க. திட்டுவாங்கன்னு பாத்தேன். தலவலி இப்ப எப்பிடி இருக்குன்னு கேட்டாங்க சார்.

அப்புறம் ஒரு நாளு அவங்க மக கொடத்தோட வந்து நின்னுச்சு. அத்தை, எங்க தண்ணி குடிக்க முடியல, ஒரே ஒரு கொடம்னு. எல்லாருக்கும் ஒரே தண்ணிதான கண்ணுன்னு சொல்லி அனுப்பிட்டேன். வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுச்சு. கொடியில காயிற துணியப் பாத்துச்சு. வெறுங் கொடத்தோட போயிருச்சு.

ஆங், வந்துருச்சு. சத்தம் கேக்குதில்ல? எப்பிடி வருது பாருங்க, பளிங்காட்டம்.

இருங்க சார். பாட்டில மூடுங்க. இதப் பிடிச்சுட்டுப் போனா, தெருவுக்கே நல்ல தண்ணின்னு எழுதிருவாங்க. இது தெருக் குழாயில்ல. அன்னிக்கு நான் படுத்துக் கெடந்ததுக்கு, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன் மெயின் ரோட்டுலருந்து எனக்கு மட்டும் தனியா லைன் இழுத்துக் குடுத்தான்.

புடுங்குனாப் புடுங்கட்டும் சார். எந்திரிங்க.

தையக்காரம்மா வீட்டுச் சாவி எங்கிட்டதான் இருக்கு, அங்க வந்து பிடிங்க. பூந்தொட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாங்க. அவங்க வீட்டுக் குழாயில பிடிச்சு ஊத்தல சார். செடி பட்டுப்போயிருமேன்னு, தெனம் இங்கருந்துதான் கொண்டுபோயி ஊத்துறேன்.