முழுப் பெயர்

எனக்குச் சட்டென்று கோபம் வராது, ஐயா. பேருந்தில் யாராவது காலை மிதித்தால்கூட நான்தான் நகர்ந்து நிற்பேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றைத் தனியாளாகப் பல வருடம் எழுதினேன். யாரும் காசு தராமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம். 'வேர்' என்று பெயர் வைத்தேன். கடைசித் துண்டு ஒன்று மட்டும் பிடிகொடுக்காமல் இழுத்தடித்தது. விடுமுறைக்கு வந்த என் தங்கை வீட்டுக்காரர், என் மாப்பிள்ளை, சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு அதை எழுதி முடித்தார். அந்தத் துண்டுக்குத் 'துளிர்' என்று பெயரும் வைத்தார். இரண்டும் சேர்ந்த மென்பொருள் நூலகம், மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் என்று எங்கும் பரவியது. எல்லோரும் மொத்தத்தையுமே துளிர் என்றார்கள்.

நான் சண்டைக்குப் போகவில்லை. 'வேர்-துளிர்' என்பதே சரி என்று பணிவாகச் சொன்னேன். கூட்டங்களில் சொன்னேன். பல் மருத்துவர் என் வாய்க்குள் கருவியை வைத்துக்கொண்டே துளிரைப் பாராட்டியபோதும் முடிந்தவரை சொன்னேன். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே தங்கை, "விட்டுடுங்கண்ணா. என்ன பேர் வேணா வெச்சுக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்லன்னு அவரே சொல்றாரு" என்றாள். அந்தப் பெருந்தன்மைதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது.

ஆகவே அடுத்த பதிப்பில் ஒரு சின்ன வசதி சேர்த்தேன். வசதி என்றுதான் சொல்வேன். திரை திறக்கும்முன் மென்பொருளின் பெயரைக் கேட்கும். துளிர் என்று மட்டும் அடித்தால், 'ஏதோ விடுபட்டிருக்கிறது' என்று மரியாதையாகச் சொல்லும், திறக்காது.

அந்தப் பதிப்பு எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்த அன்றே தங்கை வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்தது. அதற்கு நான் பொறுப்பில்லை, பழைய வயர். தீயணைப்பு நிலையத்தில் வண்டிக் கொட்டகையின் கதவைத் திறப்பதும் நம் மென்பொருள்தான். அங்கிருந்த பெண் துளிர் என்று அடித்திருக்கிறார். பிறகு புதுத் துளிர், நல்ல துளிர் என்றெல்லாம் அடித்துப் பார்த்திருக்கிறார். பாவம், பொறுமைசாலி.

தங்கை என்னைக் கூப்பிட்டாள். வீட்டில் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டதாகச் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நிம்மதி. "அண்ணா, வண்டி வரல. என்னமோ பேர் கேட்டுக்கிட்டு நிக்குதாம். என்ன பேருன்னு சொல்லுங்க" என்றாள்.

சொல்ல ஒரு மூச்சு போதும். ஆனால் எழுதியவனே தன் பெருமையைத் தன் வாயால் சொல்வது நன்றாகவா இருக்கும்? "மாப்பிள்ளைக்குத் தெரியும்மா. அவரையே நிலையத்துக்குச் சொல்லச் சொல்லு" என்றேன். போனை வைக்காமல் காத்திருந்தேன். அவருக்கு ஞாபகம் வருவதற்குள் கூடம் போய்விட்டது.

ஆமாம், ஐயா, நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் பெயருக்கு ஆசைப்பட்டு இல்லை, நியாயத்துக்காக. மாப்பிள்ளை இருமிக்கொண்டே இன்னொரு போனில் நிலையத்துக்கு 'வேர் துளிர், வேர் துளிர்' என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கண் கலங்கிவிட்டது. நடுவில் வரவேண்டிய சிறு இணைப்புக்கோடு ஒன்றை மட்டும் அவர் சொல்லவில்லை. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. திரைதான் ஏற்றுக்கொள்ளவில்லை.

மாடி போனது அப்போதுதான்.